மாட்டுத் தொட்டியில் கடல்

போன மாதம் வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போய்வந்ததிலிருந்து நீங்கள் எல்லோரும் என்னைக் கேலி செய்துகொண்டே இருக்கிறீர்கள். காலையில் நடக்கப் போனாலும் அதே பேச்சு, பால் வாங்கப் போனாலும் அதே பேச்சு. ஆமைக் குஞ்சு விடப் போகிறார்கள் என்றதும் நம் தெருவே மணலில் இறங்கிச் செல்போனும் கையுமாக நின்றது. வழியெல்லாம் முழங்கால் வலி என்று புலம்பியவர்கள்கூட மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஒருத்தி மட்டும் கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றேன். திரும்பி வந்தபோது என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டீர்கள். மணல் விழுந்துவிட்டது என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

காரணத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வராது என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிறவரை நான் உட்கார்ந்திருந்ததாக ஒருவர்கூடச் சாட்சி சொல்ல மாட்டீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன். எழுதும்போதும் நடுவில் நடுவில் எழுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கோர்வை எங்காவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூருக்கு நான் வாழ வந்தவள். பிறந்து வளர்ந்தது அரியலூர்ப் பக்கம், பெருமாள் கோயில் இருக்கிற கல்லங்குறிச்சிக்குக் காலையில் நடந்து போய் வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடக்கூடிய ஒரு ஊர். எங்கள் பக்கத்துக் காட்டில் ஏர் ஓட்டினால் கல்லாகிப் போன சிப்பியும் நத்தையும் வரும். அதை வைத்து நாங்கள் சொட்டாங்கல் ஆடுவோம். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிறவர்கள், இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொல்வார்கள். நாங்கள் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கடல் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்போது நாலே பேர். அப்பா அந்த ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். எனக்கு நினைவு தெரிந்து வீட்டில் அவர் தூங்கிக்கொண்டிருந்ததுதான் அதிகம். அம்மா. அப்பாவின் அண்ணன், பெண்டாட்டியை இழந்தவர், எங்கள் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டவர், வீட்டில் எந்தப் பேச்சுக்கும் கடைசி வார்த்தை சொல்கிறவர். அவர்தான் பெரியப்பா. அப்புறம் நான், ஒன்பதோ பத்தோ வயது. இந்த நாலு பேரோடு அவ்வப்போது வந்து ஒட்டிக்கொள்கிறவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

மாமாவைப் பற்றி எங்கள் உறவில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும். லாரியில் கிளீனராக இருந்தார், விட்டுவிட்டார். தையல் கற்றுக்கொண்டார், காஜா எடுக்கிற வரைக்கும் கற்றுக்கொண்டு விட்டுவிட்டார். வாழைக்காய் மண்டியில் இருந்தார், அங்கே யாரோ திட்டினார்கள் என்று மத்தியானமே கிளம்பி வந்துவிட்டார். அவர் வந்தால் எனக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் வீட்டில் 'சும்மா இரு, சும்மா இரு' என்று திட்டு வாங்க எனக்கு ஒரு துணை கிடைக்கும். கடைசியாக அவர் கடலோரத்தில் ஒரு வேலையில் சேர்ந்திருந்தார். ஆமை முட்டைகளைக் கரையிலிருந்து பொறுக்கி வந்து, வேலிக்குள் மணலில் புதைத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கொஞ்ச நாள் தொட்டியில் வளர்த்துக் கடலில் விடுகிற ஒரு இடம். அங்கே காவலுக்கு இருந்தார். ஆச்சரியமாக ஒரு வருஷத்துக்கு மேல் நின்றார்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு மாமா பச்சை பிளாஸ்டிக் வாளி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வாளி நிறைய ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. அம்மா அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டாள்.

"இதையும் விட்டுட்டு வந்துட்டியா?"

"நான் எங்கக்கா விட்டேன். அவங்கதான் எல்லாரையும் வேண்டாம்னுட்டாங்க. கொட்டாயப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்த குழியெல்லாம் பொரிஞ்சு குஞ்சு கடலுக்குப் போயிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அப்படியே விட்டா நாய் தோண்டித் தின்னுடும்."

"வாளியில என்ன?"

"முட்டை. ஆமை முட்டை."

அம்மா இரண்டடி பின்னால் போனாள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று பயப்படாத ஆள் எங்கள் ஊரில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் அதிகம் இல்லை. மாமா வாசலுக்கு வெளியிலேயே வாளியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நான் எதையுமே முடிச்சதில்லன்னு நீதான சொல்லுவ. இத ஒண்ண மட்டும் முடிச்சுடுறேன். பொரிஞ்சதும் கொண்டுபோயிக் கடல்ல விட்டுட்டு வந்துடுறேன். அப்புறம் நீ எந்த வேலைக்குப் போவச் சொன்னாலும் போறேன்."

அம்மா உள்ளே வரக்கூடாது என்று மட்டும் சொன்னாள். வாளி மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. நான் அந்தச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று மேலே தெரிந்தது. விரலால் தொட்டால் தோல் மாதிரி அமுங்கியது. முகர்ந்தால் எனக்குத் தெரியாத ஒரு வாசனை, உப்பும் பாசியும் கலந்து வந்தது. கடலை நான் பார்ப்பதற்கு முன்னால் முகர்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் நான் கொட்டகையே கதி என்று கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா வாளியின் மேல் காதை வைத்துக் கேட்பார், நானும் கேட்பேன். உள்ளே மணல் சரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் இருக்கும், இல்லாமலும் இருக்கும்.

அப்பாவுக்கு விடிகாலை ஷிப்ட் என்றால் அம்மா கோழி கூவும் முன்பே எழுந்து சமைப்பாள். அடுப்படியில் ஒரு குண்டு பல்பு. பின்கதவு திறந்திருக்கும், அதற்கு நேர் எதிரே கொட்டகை. ஒரு நாள் அப்படி விடியும் முன்னால் அம்மா என் பெயரையோ மாமா பெயரையோ சொல்லாமல், ஒரு வார்த்தையும் இல்லாமல், வெறும் சத்தம் மட்டும் போட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தோம்.

வாளியில் இருந்த குஞ்சுகள் எல்லாம் பொரிந்து மணலைக் கிளறி விளிம்பைத் தாண்டி விழுந்து, பசுவின் கால் சந்தில் புகுந்து, முற்றத்தைக் கடந்து, பல்பு வெளிச்சத்தைப் பார்த்து வரிசை வரிசையாகப் பின்கதவு வழியே அடுப்படிக்குள் வந்துகொண்டிருந்தன. கறுப்பாக, என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. நிலைப்படி தாழ்வானது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி அதையும் தாண்டிவிட்டன. அம்மா அரிசி களைந்த பாத்திரத்தோடு அம்மிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அப்பா சட்டைப் பித்தானைப் போட்டபடி, எதை மிதிக்காமல் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். மாமா தரையில் விழுந்து விழுந்து பொறுக்கினார். பொறுக்கிப் போட்ட வாளிக்குள்ளும் அவை நிற்கவில்லை, துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தன. அப்படி ஒரு அவசரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னையே பல உருவாகப் பார்த்த மாதிரி இருந்தது.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஆமை வந்தாலே ஆகாது, இங்கே படையெடுத்து வந்திருக்கிறது. "எல்லாத்தையும் கொண்டுபோயிக் குப்பையில கொட்டு. இல்லன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள். அவளுடைய அம்மா வீடு என்பது மாமாவின் வீடுதான், அங்கே யாரும் இல்லை, பூட்டிக் கிடந்தது. அதை நினைவூட்ட யாருக்கும் தைரியம் இல்லை.

பெரியப்பா அப்போதுதான் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நிலைப்படியில் கடைசியாக ஏறிக்கொண்டிருந்த ஒன்றைக் குனிந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது அவர் கட்டைவிரலைத் தள்ளிக்கொண்டு அடுத்த விரலுக்குப் போயிற்று.

"ஏம்மா அழுவுற. ஆமை பெருமாள் எடுத்த உருவம். அவரே கூட்டமா வூடு தேடி வந்திருக்காரு. நம்ம காட்டுல மொத நெல்லு யாருக்கு, மொதக் கன்னுக்குட்டி யாருக்கு? அது மாதிரி இதுல ஒண்ணு கல்லங்குறிச்சியாருக்கு. திருவிழாவுல கொண்டுபோயிக் கொடுத்துட்டா ஒரு குத்தமும் இல்ல."

அம்மா அழுகையை நிறுத்தினாள். பெரியப்பா பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அது முடிந்த விஷயம். மாமாவுக்கும் முகம் தெளிந்தது. ஆனால் ஒரு நிமிஷம் கழித்து அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெரிய மச்சான், ஒண்ண எடுத்து வெச்சுக்கிட்டு மத்தத நான் இன்னிக்கே பஸ்ஸுல கொண்டுபோயி விட்டுடுறேனே."

"அதெப்படி மாப்ள. பெருமாள் பங்கு போவாம களத்துலேருந்து ஒரு மணி வெளிய போவுமா? மொதல்ல அவருக்கு. அப்புறம் நீ எங்க வேணாலும் கொண்டுபோ."

உங்களில் விவசாயக் குடும்பத்துக்காரர்களுக்கு இது புரியும். கல்லங்குறிச்சிப் பக்கத்தில் விளைச்சலின் முதல் பங்கைப் பெருமாளுக்கு அளந்து வைக்காமல் யாரும் மூட்டையைத் தைக்க மாட்டார்கள். பெரியப்பா அன்றைக்கு அதைச் சொல்லியிருக்காவிட்டால் குஞ்சுகள் குப்பைமேட்டில் காக்கைக்கு இரையாகியிருக்கும். அவர்தான் காப்பாற்றினார். திருவிழாவுக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. மாமாவும் யோசித்துப் பார்த்து, தான் வேலை செய்த இடத்திலேயே தொட்டியில் வளர்த்துத்தானே விட்டார்கள், கொஞ்சம் பெரிதானால் நல்லதுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டி கடலாயிற்று. மாமா கல்லுப்பு மூட்டை வாங்கி வந்து கொட்டி, ஒரு கழியால் கிளறி, உள்ளங்கையில் அள்ளி நக்கிப் பார்த்தார். போதாது என்று மேலும் போட்டார். நானும் நக்கினேன்.

"கரிக்குதா?"

"கரிக்குது மாமா."

"கடல் கணக்கா கரிக்குதா?"

கடலைப் பார்க்காத நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பெரியப்பா கேட்டுக்கொண்டே போனார். "நம்ம காடே பழைய கடல்தான்னு சொல்றாங்களே, பேசாம இங்கயே வுட்டுடேன்" என்றார். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டியில் விட்டதும் அவை நீந்த ஆரம்பித்தன. வட்டமாக இல்லை. எல்லாம் ஒரே திசையில், வெளிச்சம் விழுகிற கிழக்குச் சுவரைப் பார்த்து நீந்தி, முட்டி, மறுபடி நீந்தி, மறுபடி முட்டின. சிமெண்டில் துடுப்பு உராய்கிற சத்தம் எந்நேரமும் கேட்டது. சோறு தின்னும்போது கேட்டது. அப்பா பகலில் தூங்க முடியாமல் புரண்டார். மூக்குத் தேய்ந்து சிலவற்றுக்கு வெளுத்துவிட்டது. நான் சுவரில் கை வைத்து மறைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் முட்டின. கையை எடுத்தால் சுவரில் முட்டின. மாமா பக்கத்தில் குந்தியிருந்து அதையே பார்ப்பார், திடீரென்று எழுந்து தெருக்கோடிவரை போவார், திரும்பி வருவார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நின்ற இடத்தில் நின்றது பசு மட்டும்தான். அதுவும் தொட்டி போன கோபத்தில் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலை எழுந்தபோது சத்தம் இல்லை. பயந்துகொண்டு ஓடினேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன. தண்ணீரில் துடுப்பை விரித்துச் சும்மா மிதந்தன. அம்மா பின்கதவில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அப்பாடா. பழகிடுச்சுங்க. அடங்கிடுச்சுங்க."

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்பா அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். மாமா மட்டும் ஒன்றை எடுத்துக் கிழக்கே பார்த்து விட்டார். அது அங்கேயே நின்றது. இன்னொன்றை விட்டார். அதுவும் நின்றது. வெற்றிலை போட்டவர் போல வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அடங்கியபின்தான் அவை தின்னத் தொடங்கின. திருவிழாவுக்காகப் பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீடு, அந்த மாசம் முழுக்கக் கவிச்சி கிடையாது. பிள்ளைகளுக்கு விரதம் இல்லை என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் நாலு சின்ன மீன் வாங்கி, கொட்டகையில் உடைந்த அரிவாள்மனையில் துணுக்குத் துணுக்காக நறுக்கி, விரல் நுனியில் வைத்துக் கொடுப்பேன். கவிச்சி வாடைக்கென்று ஒரு ஆரஞ்சுக் கலர்ப் பாவாடையை அம்மா ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். அதோடு வீட்டுக்குள் வரக்கூடாது, குளித்து மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். சில நாளிலேயே அந்த ஆரஞ்சு நிறம் கொட்டகை வாசலில் தெரிந்தால் போதும், எல்லாம் என் பக்கச் சுவருக்குத் திரும்பித் தலையைத் தூக்கும். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. என் பிள்ளைகள் என்னை அப்படித் தேடியதாக நினைவில்லை.

சில குஞ்சுகள் செத்தன. உப்பு கூடியதோ குறைந்ததோ, தெரியாது. மாமா அவற்றை எருக்குழிக்குப் பக்கத்தில் புதைத்தார். பெருமாளுக்கு என்று ஒன்றின் முதுகில் பெரியப்பா மஞ்சள் பூசியிருந்தார். உப்புத் தண்ணீர் அதைத் தினமும் கழுவிவிடும். தினமும் கைக்கு அகப்பட்டதற்குப் பூசுவார். இப்படியாக எங்கள் தொட்டியில் பெருமாளுக்கு நேர்ந்துவிடாத ஆமையே இல்லை.

திருவிழாவுக்குப் பெரியப்பா, மாமா, நான் மூவரும் போனோம். மாமா வாளியை ஏந்தியிருந்தார், உள்ளே ஒன்றே ஒன்று. கோயிலைச் சுற்றிக் கூட்டம், தானியக் குவியல், கயிற்றில் கட்டிய கன்றுகள், தூசி. காணிக்கை வாங்குகிற இடத்தில் இருந்த பெரியவர் வாளிக்குள் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"கன்னுக்குட்டின்னா கட்டிப்போடலாம். இத நான் எங்கங்க கட்றது?"

பெரியப்பா வீட்டுக்குள் அது வந்த கதையை எல்லாம் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். துளசியை எடுத்து வாளிக்குள் போட்டார். "பெருமாள் வாங்கிக்கிட்டாரு. அவர் வூடு கடல்லதான இருக்கு. அங்கயே கொண்டுபோயி வுட்டுடுங்க, அவருக்குப் போயிச் சேந்துடும்" என்றார். இவ்வளவுதான். இதை முதல் நாளே வந்து கேட்டிருந்தாலும் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே கிளம்பினோம். வாளியோடு ஒரு பெரிய அலுமினியக் குண்டானும் சேர்ந்துகொண்டது. ஜெயங்கொண்டம் போய், மீன்சுருட்டி வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். கண்டக்டர் குண்டானைத் தட்டி என்ன என்று கேட்டதற்குப் பெரியப்பா, "பெருமாள் சொத்து" என்றார். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் போனார். நான் ஆரஞ்சுப் பாவாடைதான் கட்டியிருந்தேன். ஏற்கெனவே நாறுகிற பாவாடை இருக்கும்போது நல்ல பாவாடையை ஏன் கெடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் கடலைப் பார்த்தேன். அழகு, அகலம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை, அதை யாரும் திட்டவும் இல்லை என்பதுதான் தோன்றியது.

"மாமா, இது நிக்கவே நிக்காதா?"

"நிக்காது புள்ள. அதான் இதுங்களுக்கு இது தோதுப்படும்."

மாமா ஈரமணலில் குண்டானைச் சாய்த்தார். குஞ்சுகள் சரிந்து இறங்கின. அடுப்படிக்குப் படையெடுத்த அந்தக் கூட்டம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாலு எட்டு வைத்தன, நின்றன. தலையைத் தூக்கின. அலை வந்து சிலவற்றைப் புரட்டிப் போட்டது. மாமா நிமிர்த்தி விட்டார். உள்ளே இழுத்த அலையோடு போனவை அடுத்த அலையில் திரும்பி வந்து மணலில் கிடந்தன. "போ. போ கண்ணு, போ" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியப்பா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். காக்கைகள் வந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்தன.

அப்போதுதான் ஒன்று என் பக்கம் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் எல்லாம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பாவாடையைப் பார்த்து வந்தன. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. குனிந்து கையை நீட்டிவிட்டேன்.

"ஏ புள்ள, கைய எடு." மாமா அப்படி ஒரு குரலில் என்னிடம் அதுவரை பேசியதில்லை. "நீ இங்க நிக்காத. உன்னப் பாத்துத்தான் திரும்புதுங்க. அந்தப் படகுக்குப் பின்னால போ. நான் கூப்புடுற வரைக்கும் தலையக் காட்டாத."

போனேன். கரையில் ஏற்றியிருந்த ஒரு பழைய படகு. மரத்தில் தாரும் மீன் எண்ணெயும் நாறின. முகத்தை அதில் ஒட்டி வைத்துக்கொண்டு, உரிந்திருந்த நீல வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் அசையாமல் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். அலைச் சத்தத்துக்கு நடுவில் மாமாவின் "போ, போ" கேட்டது. அப்புறம் அது தூரத்தில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

மாமா வந்தபோது கழுத்துவரை நனைந்திருந்தார். நீச்சல் தெரியாத மனுஷன்.

"போயிட்டுதுங்க."

"எல்லாமா?"

"எல்லாம்."

"மஞ்ச பூசுனது?"

"அதான் மொதல்ல போச்சு."

குண்டானை எங்களிடம் கொடுத்துவிட்டு, தான் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் பெரியப்பா, "ஒரு எடத்துல நிக்க மாட்டானே இவன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா இரண்டு நாளில் வரவில்லை. வரவே இல்லை. அந்தக் கரையிலேயே படகு வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே வயசாகிப் போனார். எங்கேயும் நிற்காதவர் அங்கே எப்படி நின்றார் என்று உறவில் பேசிப் பேசி அலுத்துவிட்டார்கள்.

அந்தப் பச்சை வாளி எங்கே போயிற்று என்று தெரியாது. பாவாடை அடுப்புத் துணியாயிற்று. தொட்டியை எத்தனை கழுவியும் உப்பு போகவில்லை. எங்கள் பசு அதற்குப் பிறகு பல காலம் தண்ணீர் குடித்த பிறகும் நகராமல் கிழக்குச் சுவரை நக்கிக்கொண்டே நிற்கும்.

மாமா இறந்து காரியம் முடிந்த அன்றைக்குத்தான் அம்மா என்னிடம் சொன்னாள். நாங்கள் பஸ் ஏறுகிற நேரத்துக்கே குஞ்சுகள் கரைக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டனவாம். மாமா அவற்றைப் பொறுக்கி, ஒரு படகுக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டிருக்கிறார். மறுநாள் சில வந்திருக்கின்றன. மறுபடி கொண்டுபோயிருக்கிறார். 'யாரையோ தேடுதுங்கக்கா' என்று, பார்க்கப் போன அம்மாவிடம் சொன்னாராம். முடிக்கவேண்டியதை முடிக்கிறவரை இருக்கலாம் என்று இருந்து, முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே அங்கே இருந்துவிட்டார் போலிருக்கிறது. "உன்கிட்ட சொன்னா அழுவன்னு சொல்லல" என்றாள் அம்மா. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் இழவு வீடு என்றும் பார்க்காமல் எழுந்து வெளியே நடந்துவிட்டேன்.

போன மாதம் ஆமைக் குஞ்சு விட்ட இடத்தில் அந்தத் தொண்டர் பெண் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாளே, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, எனக்குப் படகுக்குப் பின்னால்வரை கேட்டது. பொரிந்த உடனே விட்டுவிட வேண்டும், அந்த முதல் வேகம்தான் அலையைத் தாண்டி ஆழத்துக்குக் கொண்டுபோகும், தொட்டியில் வைத்தால் அந்த வேகம் தொட்டியிலேயே தீர்ந்துவிடும் என்றாள். சத்தம் நின்ற அந்தக் காலையை நினைத்தேன். அப்பாடா என்று அம்மா சொன்னதை நினைத்தேன். கிழக்குச் சுவரில் முட்டி முட்டித் தீர்ந்துபோனது அவற்றின் கடல். பெரியப்பா மேல் கோபப்படலாம் என்றால் அவர்தான் குப்பைமேட்டிலிருந்து காப்பாற்றியவர். மாமா மேல் கோபப்பட முடியாது. பழக்கிய கை என்னுடையது, ஆனால் அது பிள்ளையின் கை. யார் மேல் இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் நான் காலையும் மாலையும் நடக்கிறேன். சர்க்கரைக்கு நல்லது என்று உங்களிடம் சொல்வதெல்லாம் சும்மா.

இனி மணல் விழுந்த கதை. நான் படகோரம் நின்றிருந்தபோது, விட்ட குஞ்சுகளில் ஒன்று வழி தவறி, எதைப் பார்த்ததோ, நேராக நான் நின்ற பக்கம் வந்தது. நீங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை, படம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்துவிட்டேன். நகரவும் பயம், நின்ற இடத்தில் நிற்கவும் பயம். புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தைப் படகுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கால் விரலில் ஈரமாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். என் பாதத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. துடுப்பால் என் விரல்களைத் தள்ளிக்கொண்டு, அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, படகைச் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடிற்று. நான் அதற்கு ஒரு மேடு, அவ்வளவுதான். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குத்தான் அழுதேன்.